சிகிச்சை நெறிமுறைகளும் வைத்தியரின் தயக்கமும்

சிங்கப்பூரின் மேற்கே, ஜூரோங்கில் தோட்டங்கள் வைத்திருந்த சியூ பூன் லே என்னும் சீன வணிகரின் பெயரைத் தாங்கி நிற்கும் பூன் லே வட்டாரம், சதுப்பும் மேடுமாகக் கிடந்த அந்நிலப்பரப்பைத் தொழிற்பேட்டையாக்க 1961 முதல் அன்றைய நிதி அமைச்சர் கோ கெங் சுவீ மேற்கொண்ட பெருமுயற்சியோடு கூடவே வளர்ந்த வட்டாரமாகும். அத்தொழிற்சாலைகளில் தன் இளமையைச் செலவிட்ட தலைமுறை இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. பூன் லே பிளேஸ் உணவங்காடியில் காலை வேளையில் சற்று நேரம் அமர்ந்திருப்பவர்கள், காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை அறை பிரித்த மாத்திரைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எது உணவுக்கு முன், எது உணவுக்குப் பின் என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் முதியவர் ஒருவரையேனும் காணாமல் எழுந்து வர இயலாது. அதே வட்டாரத்தைச் சுற்றியுள்ள தங்குவிடுதிகளில், தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். நோய் முற்றிய காலத்தில் இவ்விரு சாராருமே நாடிச் செல்லும் பெரிய மருத்துவமனை, மூன்று எம்ஆர்டி நிலையங்களுக்கு அப்பால், 2015இல் 700 படுக்கைகளோடு திறக்கப்பட்ட இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை.

இங்கே நான் ஆராய விரும்பும் கேள்வி அந்த மருத்துவமனையைப் பற்றியதன்று. இனிக் கூறப்படும் குறைகள் எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியனவல்ல, பெரிய மருத்துவமனைகள் இருக்கும் தேசமெங்கும் காணப்படுபவை. ஒரு வியாதிக்கு எது சிறந்த சிகிச்சை என்பதை உலகத்து ஆராய்ச்சிகளையெல்லாம் சல்லடையிட்டு அறிஞர் குழுக்கள் எழுதி வைத்திருக்க, அதைப் படித்துத் தேர்ந்த வைத்தியர்கள் நல்லெண்ணத்தோடும் சிரத்தையோடும் உழைக்க, அவ்வாறிருந்தும் எழுதப்பட்ட நெறிக்கும் வார்டில் நடக்கும் சிகிச்சைக்கும் இடையில் ஓர் இடைவெளி நீடிப்பது ஏன்? 2003இல் அமெரிக்காவில் வெளியான விரிவான ஆய்வொன்று, நோயாளிகள் பெற வேண்டிய சிகிச்சையில் 54.9 சதவீதத்தை மட்டுமே பெற்றார்கள் என்று கண்டது. 2012இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வில் அந்த விகிதம் 57 ஆக இருந்தது. செல்வமும் கல்வியும் மிகுந்த இரண்டு நாடுகளில், ஒன்பது ஆண்டு இடைவெளியில், பாதியைச் சற்றே கடந்த நிலை. இதை வைத்தியர்களின் அசட்டை என்று கூறி முடித்துவிடுவோர் உண்டு. அவ்வாறு கூறுவது நியாயமுமன்று, பயனுமன்று.

சிகிச்சை நெறிமுறை என்பது சட்டமன்று. குறிப்பிட்ட நோய் நிலையில் எது தக்க சிகிச்சை என்று தீர்மானிக்க வைத்தியருக்கும் நோயாளிக்கும் துணை செய்யும் பொருட்டு, முறையாகத் திரட்டிய ஆதாரங்களின் மேல் எழுதப்பட்ட வழிகாட்டுதல் அது. 1990இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வகுத்த இலக்கணத்தின் சாரமும் இதுவே. சிங்கப்பூரில் சுகாதார அமைச்சு நீண்டகாலம் இத்தகைய நெறிமுறைகளைப் புத்தகங்களாக வெளியிட்டு வந்தது. 2015இல் பராமரிப்புச் செயல்திறனுக்கென அமைச்சு தனியே ஓர் அமைப்பை நிறுவிற்று. 2017 முதல் அவ்வமைப்பு, ஒரு நோய்க்குச் சில பக்கங்களே கொண்ட சுருக்கமான வழிகாட்டிகளை வெளியிடலாயிற்று. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டமோ, அக்கம்பக்கத்துத் தனியார் மருந்தக வைத்தியரையும் பொதுவான பராமரிப்பு நெறிகளின் வட்டத்துக்குள் கொண்டுவந்தது. புத்தகம் சுருங்கிச் சில பக்கமானது அற்ப விஷயமன்று. நெறிமுறை எழுதுவோர், அதைப் படிக்க வேண்டியவரின் பொழுதைப் பற்றி நினைக்கத் தொடங்கியதன் அடையாளம் அது.

பொழுதின் கணக்கைச் சற்று நின்று பார்ப்போம். பிரிட்டனில் ஒரு மருத்துவமனையில், ஒரே நாளின் 24 மணி நேரத்தில் அவசரமாகச் சேர்க்கப்பட்ட 18 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு இருந்த 44 நோய்களுக்கும் உரிய நெறிமுறைகளையெல்லாம் அடுக்கிப் பார்த்தார்கள். 3,679 பக்கங்கள் வந்தன. அவற்றைப் படித்து முடிக்க ஏறத்தாழ 122 மணி நேரம் ஆகும் என்று 2005இல் அவர்கள் எழுதினார்கள். ஒரு நாளின் பணியைச் செய்ய ஐந்து நாள் இரவு பகலாகப் படிக்க வேண்டுமென்றால், படிக்காதவரைக் குறை கூற யாருக்கு நா எழும்? இந்த விஷயத்தில் இன்றும் அனைவரும் மேற்கோளாகக் காட்டும் கபானா குழுவினரின் 1999ஆம் ஆண்டு ஆய்வு, 76 கட்டுரைகளிலிருந்து 293 தடைகளைத் திரட்டி, அவற்றை அறிவைச் சார்ந்தவை, மனப்பான்மையைச் சார்ந்தவை, வெளிச் சூழலைச் சார்ந்தவை என மூவகையாய்ப் பிரித்தது. பிரிவு தெளிவானதுதான். ஆனால் வார்டில் இம்மூன்றும் தனித்தனியே வருவதில்லை. ஒரே காலைப் பொழுதில், ஒரே கட்டிலருகே, ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி நிற்கின்றன.

ஓர் உதாரணத்தை அருகே வைத்துப் பார்க்கலாம். அறுவை சிகிச்சையின்போது கிருமி தொற்றாதிருக்க முன்கூட்டியே கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் மருந்தைப் பற்றி உலகெங்கும் உள்ள நெறிமுறைகள் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன: கத்தி வைப்பதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் மருந்து இரத்தத்தில் ஏறியிருக்க வேண்டும், பெரும்பாலான அறுவைகளுக்கு ஒரு வேளை மருந்தே போதும், 24 மணி நேரத்துக்கு மேல் நீட்டுவதால் நன்மை இல்லை, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் தீமை உண்டு. சிங்கப்பூரும் 2022இல் இதற்கெனத் தேசிய நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. அறியாத வைத்தியர் அநேகமாக இல்லை. இருந்தும் மருந்து மூன்றாம் நாளும் ஓடிக்கொண்டிருப்பதை எந்த நாட்டு வார்டிலும் காணலாம்.

அது எவ்வாறு நேர்கிறது? காலை ஏழு மணிக்கு அறுவை நிபுணர் சுற்றி வருகிறார். பத்தரைக்குள் அவர் அறுவைக் கூடத்தில் இருந்தாக வேண்டும். சக்கர மேசையில் கணினியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வரும் இளம் வைத்தியரிடம் இருபதுக்கு மேற்பட்ட நோயாளிகளின் பட்டியல் இருக்கிறது. நிபுணர் காயத்தைப் பார்க்கிறார், காய்ச்சல் உண்டா என்று கேட்கிறார், இல்லை என்றதும் நகர்ந்துவிடுகிறார். மருந்தை நிறுத்தச் சொல்லவுமில்லை, தொடரச் சொல்லவுமில்லை. திரையில் அந்த மருந்தின் வரி முந்திய நாள் இருந்தபடியே இருக்கிறது. தொடர்வதற்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, நிறுத்துவதற்குத்தான் ஒருவர் கைவைக்க வேண்டும். இளம் வைத்தியர் நெறிமுறையை அறிவார். ஆயினும் நிறுத்திய பின் காயம் சீழ் பிடித்தால் 'யார் நிறுத்தச் சொன்னது?' என்ற கேள்வி தன்னிடம் வரும் என்பதையும் அறிவார். தொடர்ந்ததற்காக இதுவரை எவரும் கேள்வி கேட்கப்பட்டதை அவர் பார்த்ததில்லை. தாதி நான்கு மணி மருந்தை ஏற்றுகிறார். இங்கே அறியாமை எங்கே இருக்கிறது? மூவரும் அறிந்தவர்கள், மூவரும் உழைப்பவர்கள், மூவருமே தத்தம் கடமையில் தவறாதவர்கள்; நெறிமுறையைப் பிரயோகிக்கும் பொறுப்பு மட்டும் மூவரில் ஒருவர் கையிலும் இல்லை.

சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. படிப்பை முடித்த வைத்தியர் முதல் ஆண்டிலேயே நான்கு மாதத்துக்கு ஒரு பிரிவாக மூன்று இடங்களில் பயிற்சி பெறுகிறார். அதன் பின்னும் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிறார். இம்முறையால் விளையும் நன்மைகள் பல. ஆனால் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனித்தனி மருந்துப் பட்டியல், தனித்தனிக் கணினி வழக்கம், தனித்தனி நிபுணர்களின் விருப்பு வெறுப்புகள் இருக்கையில், புதிதாய் வந்த இளையவர் முதலில் கற்றுக்கொள்வது நெறிமுறையை அன்று. இந்த வார்டில் மூத்தவருக்கு எது பிடிக்கும் என்பதைத்தான். அந்தக் கல்வி எழுத்தில் இல்லை, ஆனால் எழுத்திலுள்ள எதனினும் வலியது. 2011 முதல் பொது மருத்துவமனைகளில் அமைச்சின் நிதியுதவியோடு இயங்கி வரும் ஆன்டிபயாடிக் கண்காணிப்புக் குழுக்கள் இந்த முடிச்சில்தான் கைவைக்கின்றன: தொற்றுநோய் நிபுணரும் மருந்தாளரும் மருந்துச் சீட்டுகளைப் பார்வையிட்டு, வேண்டாததை நிறுத்தும்படி ஆலோசனை எழுதுகிறார்கள். இளையவர் சொல்லத் தயங்குவதை வெளியிலிருந்து வரும் ஒருவர் சொல்லிவிடுகிறார். 2015, 2016ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர் மருத்துவமனைகளில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் உள்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆன்டிபயாடிக் போன்ற மருந்துகளைப் பெற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், இப்பணியின் அவசியம் விளங்கும்.

மூத்தவர்களின் மறுப்பையும் அகந்தை என்று தள்ளிவிடக் கூடாது. அதற்கு ஒரு ஞாபகம் இருக்கிறது. 2001இல் பெல்ஜியத்தின் லூவன் நகரத்து ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் இரத்தச் சர்க்கரையை இன்சுலின் கொண்டு மிக இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைகிறது என்று அறிவித்தது. நெறிமுறைகள் அதை ஏற்றன. உலகெங்கும் தாதியர் மணிக்கொருமுறை விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தனர். 2009இல் 6,104 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்ற நைஸ்-சுகர் ஆய்வு வெளிவந்தபோது, இறுக்கமான கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் 27.5 சதவீதமும் மிதமான கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் 24.9 சதவீதமும் இறந்தது தெரியவந்தது. எட்டாண்டுகள் நெறிமுறையைப் பக்தியோடு பின்பற்றியவர் தீங்கு செய்திருந்தார். ஐயுற்று விலகி நின்றவர் நோயாளியைக் காத்திருந்தார். இதைக் கண்ணால் கண்ட ஒரு தலைமுறை வைத்தியர்கள் இன்று வார்டுகளில் மூத்தவர்களாய் இருக்கிறார்கள்.

மேலும், நெறிமுறையில் எழுதப்பட்ட எல்லா வாக்கியங்களும் ஒரே பலமுடையவையல்ல. அமெரிக்க இதயநோய்ச் சங்கங்களின் நெறிமுறைகளை 2009இல் ஆராய்ந்தவர்கள், அவற்றின் பரிந்துரைகளில் உயர்ந்த தரத்து ஆதாரம் கொண்டவை 11 சதவீதமே என்றும், ஏறத்தாழப் பாதி நிபுணர்களின் அபிப்பிராயத்தையும் அது போன்ற தாழ்ந்த ஆதாரங்களையுமே பற்றி நிற்கின்றன என்றும் கண்டனர். 2017இல் அதே நாட்டில் இரத்தக் கொதிப்பின் எல்லை 140/90 என்பதிலிருந்து 130/80 என்பதற்கு இறக்கப்பட்டபோது, வயது வந்தோரில் அந்நோய் உடையவர்கள் 32 சதவீதத்திலிருந்து 46 சதவீதமாக ஒரே நாளில் உயர்ந்தார்கள். ஐரோப்பியர்களோ மறு ஆண்டு வெளியிட்ட நெறிமுறையில் பழைய எல்லையையே வைத்துக்கொண்டனர். இரண்டு பிரமாணங்கள் முரண்படும்போது எதைப் பின்பற்றினாலும் மற்றொன்றை மீறியதாகிவிடுகிறது. ஆகவே, பின்பற்றாமை என்று கணக்கெடுப்பில் பதிவாகும் எல்லாவற்றையும் குற்றமாக எண்ணுவதும், மூத்தவரின் ஐயம் எல்லாவற்றையும் ஞானமாக எண்ணுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். நைஸ்-சுகர் கதையை நினைவில் வைத்திருக்கும் அதே மூத்தவர், அறுவைக்குப் பின் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுக்கும் தம் வழக்கத்துக்கு எந்த ஆய்வையும் காட்ட முடியாதவராயிருக்கலாம்.

இதற்கெல்லாம் மேலான தடையாக நான் கருதுவது, நெறிமுறை ஒரு நோய்க்கு எழுதப்படுகிறது, கட்டிலில் கிடப்பவரோ பல நோய்கள் கூடிய ஒரே மனிதர் என்பது. 2005இல் சிந்தியா பாய்டும் உடன் ஆய்வாளர்களும் 79 வயது மூதாட்டி ஒருவரைக் கற்பனை செய்தார்கள். அவருக்கு நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, நுரையீரல் அடைப்பு, எலும்பு மெலிவு, மூட்டுத் தேய்வு ஆகிய ஐந்தும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உரிய நெறிமுறையை அப்படியே பின்பற்றினால் அந்த அம்மையார் 12 வகை மருந்துகளை எடுக்க வேண்டியிருந்தது. மாதம் 406 டாலர் செலவாயிற்று. ஒரு நோய்க்கான மருந்து வேறொரு நோயைக் கெடுக்கும் இடங்களும் இருந்தன. அந்த மூதாட்டி கற்பனைதான். ஆனால் பூன் லேயின் அடுக்குமாடி வீடுகளில் அவரைப் போன்றோர் எத்தனை பேர்! மூட்டு வலிக்கு வாங்கிய மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. சர்க்கரையைத் தாழ்த்த ஏற்றிய மருந்து விடியற்காலையில் மயக்கம் தந்து, மெலிந்த எலும்பு முறியும்படி குளியலறையில் விழச் செய்கிறது. சிங்கப்பூரில் இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதால், இது தமிழ்க் குடும்பங்களுக்கு நெருங்கிய விஷயம். இத்தகைய ஒருவரிடம் ஒரு நெறிமுறையிலிருந்து வேண்டுமென்றே விலகும் வைத்தியரே சில சமயம் மற்ற நான்குக்கும் நியாயம் செய்கிறார்.

அச்சம் என்ற தடையையும் சொல்லியாக வேண்டும். ஊசியால் ஸ்டீராய்டு மருந்து போட்டபோது, அதனால் விளையக்கூடிய பின்விளைவுகளை முன்னரே எடுத்துரைக்கவில்லை என்பதற்காக ஓர் எலும்பு நிபுணருக்கு ஒழுங்கு மன்றம் ஒரு லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. சிங்கப்பூர் வைத்திய உலகம் கலங்கிற்று. 2019 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அமர்ந்த நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்ததோடு, தற்காப்புக்காகச் செய்யப்படும் வைத்தியத்தால் நேரும் கேட்டையும் எடுத்துரைத்தது. வைத்திய ஆலோசனையின் தரத்தை எவ்வாறு அளப்பது என்பதற்குப் பின்னர் சட்டமே திருத்தப்பட்டு, 2022 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆயினும் அச்சம் சட்டத்தைப் போல் ஒரு தேதியில் மாறுவதன்று. அச்சமுற்ற வைத்தியர் நெறிமுறையை மீறுவது பெரும்பாலும் குறைவாகச் செய்வதனால் அன்று, மிகுதியாகச் செய்வதனால்: வேண்டாத ஸ்கேன், வேண்டாத இரத்தப் பரிசோதனை, எதற்கும் இருக்கட்டுமென்று ஓர் ஆன்டிபயாடிக்.

இனித் தங்குவிடுதிக்கு வருவோம். நெறிமுறையின் ஒவ்வொரு வரியும் சில விஷயங்களைச் சொல்லாமலே நம்பிக்கொண்டிருக்கிறது: நோயாளி மறுபடி வருவார், சொன்னது அவருக்கு விளங்கும், ஓய்வெடுக்கச் சொன்னால் ஓய்வெடுக்க இடம் இருக்கும். வேலைத்தளத்தில் கை முறிந்த வெளிநாட்டு ஊழியரிடம் இந்த நம்பிக்கைகள் ஒவ்வொன்றாய் உதிர்கின்றன. 'எம்.சி. குடுத்தா சம்பளத்துல பிடிச்சுருவாங்களா, சார்?' என்று மருத்துவ விடுப்புச் சான்றிதழைப் பற்றி அவர் தமிழில் கேட்பதைப் புரிந்துகொள்ளும் ஒருவர் அந்த அறையில் இல்லாதபோது, உடன் வந்த கம்பெனி மேற்பார்வையாளரே மொழிபெயர்ப்பாளராகவும் ஆகிவிடுகிறார். கட்டுமானத் தொழிலாளி ஒருவர் விழுந்து கையெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பின், இரண்டே நாள் மருத்துவ விடுப்பும் அதன் பின் இலகு வேலையும் என்று எழுதிக் கொடுத்த வைத்தியரை, 2016இல் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறு மாதம் பணி இடைநீக்கம் செய்தது. இலகு வேலை எழுதுமுன் அந்த இடத்தில் அத்தகைய வேலை உண்டா, இளைப்பாற வசதி உண்டா என்று விசாரிப்பதும் வைத்தியரின் கடமையே என்பது அவ்வழக்கு உணர்த்திய செய்தி. அந்தத் தீர்ப்பை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் கேள்வி கேட்கும் கடமையைச் சுமத்தியவர்கள், கேட்பதற்கு ஒரு பாஷையையும் ஐந்து நிமிஷத்தையும் கூடவே தந்தாக வேண்டும்.

நெறிமுறைகள் தாமாகவே நடைமுறையாகிவிட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றிலிருந்தே கற்க வேண்டியது மிகுதி. 2003இல் சார்ஸ் நோய் சிங்கப்பூரில் 238 பேரைத் தாக்கி 33 பேரைக் கொன்றபோது, முகக்கவசம், கையுறை, தினமும் உடல்வெப்பம் பார்த்தல் ஆகிய விதிகளை மருத்துவமனைகள் அன்றைக்கன்றே ஏற்று நடந்தன. உயிரச்சம் ஒரு காரணம். கட்டளைகள் சிலவாகவும் குறுகியனவாகவும் இருந்தது மற்றொரு காரணம். ஆனால் எப்போதும் கொள்ளைநோயை நம்பி நெறிமுறை எழுத முடியாது. ஜெனீவாவில் டிடியே பிட்டே 1994இல் கணக்கெடுத்தபோது, கை கழுவ வேண்டிய தருணங்களில் 48 சதவீதத்தில்தான் கழுவப்பட்டது. பணி நெருக்கடி மிகுந்த இடங்களில் இன்னும் குறைவு. அவர் உபதேசத்தோடு நிற்காமல் சாராயம் கலந்த கைத் திரவத்தை ஒவ்வொரு கட்டிலருகிலும் வைத்தார். 1997க்குள் விகிதம் 66 ஆயிற்று. குழாயடிக்குப் போய்வரும் நேரத்தை மிச்சப்படுத்தியதே அந்த மாற்றத்தில் பெரும் பங்கு வகித்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் புரோனொவோஸ்ட் ஐந்தே செயல்களை ஒரு தாளில் எழுதி, இரத்த நாளத்தில் குழாய் செருகும் வைத்தியர் ஒன்றைத் தவறவிட்டால் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தைத் தாதிக்குக் கொடுத்தார். ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7 ஆயிருந்த தொற்றின் இடைநிலை அளவு பூஜ்யமாயிற்று என்று 2006இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஐந்தில் எந்த வைத்தியரும் அறியாதது ஒன்றுமில்லை. புதியது தாதியின் அதிகாரமே.

சிங்கப்பூரின் சொந்த உதாரணம் இவற்றினும் அழகியது. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் கார்பமாசெபின், ஒரு குறிப்பிட்ட மரபணு உடையவர்களிடம் தோல் கொப்புளித்து உரியும் பயங்கர ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். அம்மரபணு சீனரிடையிலும் மலாய்க்காரரிடையிலும் மிகுதி, இந்தியரிடையில் அதனினும் குறைவு. 2013இல் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும், ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தைப் புதிதாய்த் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை செய்தாக வேண்டுமென அறிவித்தன. வெறும் அறிவிப்போடு நின்றிருந்தால் அதுவும் ஒரு காகிதமாகவே போயிருக்கும். பரிசோதனைக்கு மானியம் அளித்தார்கள். முடிவு விரைவாய்க் கிடைக்க வழி செய்தார்கள். யாருக்கு, எப்போது, எதற்காக என்பதில் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதினார்கள். இங்குள்ள மக்களின் உடலுக்குரிய ஆதாரத்தின் மேல் எழுதினார்கள். அம்மருந்தால் நேரும் தோல் விபரீதங்கள் அதன் பின் வெகுவாய்க் குறைந்தன.

கணினியிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. மருந்து எழுதும்போது திரையில் எழும் எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை வைத்தியர்களால் தள்ளிவிடப்படுவதாக 2006இல் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டனர். ஓயாமல் ஒலிக்கும் மணியை யார் காது கொடுத்துக் கேட்பார்? அதுபோலவே, உலக சுகாதார நிறுவனத்துக்காக அதுல் கவாண்டே குழுவினர் வகுத்த அறுவைச் சோதனைப் பட்டியல், எட்டு நகரங்களில் இறப்பை 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைத்ததென்று 2009இல் கண்டிருக்க, கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதைக் கட்டாயமாக்கியபோது குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தெரியவில்லை என்று 2014இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. பட்டியலில் குறியிட்டார்கள், அறுவைக்கு முன் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்களா என்பதை எந்தக் குறியும் காட்டாது.

ஆதலால் என் துணிபு இது: நெறிமுறையை எத்தனை பேர் பின்பற்றினார்கள் என்று எண்ணுவதை மட்டுமே மருத்துவமனைகள் தம் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது, விலகியவர் ஏன் விலகினார் என்று ஒரே வரியில் எழுதும் வழக்கத்தை, மருந்து எழுதுவதைப் போலவே இயல்பான காரியமாக்க வேண்டும். காரணத்தோடு விலகுவது வைத்தியரின் உரிமை மட்டுமன்று, சில வேளை கடமை. காரணமின்றி விலகுவதும் காரணமின்றிப் பின்பற்றுவதும் நோயாளிக்கு ஒன்றுபோலவே அபாயகரமானவை. காரணங்கள் எழுதப்பட்டால் மூத்தவரின் அனுபவம் இளையவருக்குப் பாடமாகும். ஒரே காரணம் நூறுமுறை எழுதப்பட்டால், குறை நெறிமுறையிலேயே இருக்கிறதென்று அதை எழுதியவர்களுக்கும் விளங்கும். காரணம் எழுத முடியாமற்போன பழக்கம் தானாகவே கைநழுவும். இதற்கு வேண்டியது புதிய தண்டனையன்று. எழுதியவரைக் கேள்வி கேட்டு அஞ்சச் செய்யாத ஒரு துறைத் தலைவரும், வாரத்தில் அரை மணி நேரமும் போதும்.

இது வெறும் காகித ஒழுங்கன்று என்பதை, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவரிடத்தில் தெளிவாகக் காணலாம். 2011 முதல் நடப்பில் உள்ள தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேட்டில், பங்கேற்கும் நிறுவனங்கள் எழுதும் மருந்தின் பெயரும் அளவும் ஏறுகின்றன. அம்முதியவர் மயங்கி விழுந்ததால் வார்டு வைத்தியர் நன்கு யோசித்து ஓர் இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்துகிறார். நிறுத்திய காரணத்தை எழுத நேரமில்லை. ஆறு வாரம் கழித்துப் பலதுறை மருந்தகத்தில் அவரைப் பார்க்கும் வேறொரு வைத்தியர், இரத்தக் கொதிப்பின் அளவு 148 இருப்பதையும் அந்த மாத்திரை பட்டியலில் இல்லாததையும் காண்கிறார். நெறிமுறையைக் கற்றவர், அதை மதிப்பவர், பத்து நிமிஷத்துக்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட வேண்டியவர்; விடுபட்டுப் போயிற்று என்று கருதி, அதே மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்துவிடுகிறார்.